புதுக் கம்ப்யூட்டருக்கு ஞாபக மறதி!



எங்க சித்தப்பா பஜாரில் ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ பிரிண்ட், பங்குனி உத்திரம் வந்தா திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். பழைய கம்ப்யூட்டர் பத்து வருஷம் உழைச்சு ஓய்ந்து போனதால, சித்தி மகளிர் குழுவில் லோன் எடுத்துக் கொடுத்தாங்க. புதுசா ஒண்ணு வாங்கினோம். கம்பெனி பெட்டியாக வந்தது இல்லை, அசெம்பிள் பண்ணினது. கோவில்பட்டியில் ஒரு கடையில் பாகங்களை வாங்கி வந்து, டிப்ளமோ படிச்ச பெரியப்பா மகன் அண்ணன் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து பூட்டினாரு. நான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். அதனால இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

நாலு நாள் நல்லா ஓடுச்சு. அஞ்சாம் நாள் திடீர்னு நீலத் திரை வந்து நின்னு போச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுச்சு. மறுநாள் இரண்டு தடவை. ஒரு தடவை 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று எழுதி வந்தது. இன்னொரு தடவை வேற ஏதோ நீளமான பேரு. இந்தச் சேதி ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வந்தது பாருங்க, அதுதான் முதல் துப்பு. எங்களுக்கு அப்போ அது தெரியல.

அதுக்குள்ள பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிடுச்சு. உளுந்து, பாசி போட்ட விவசாயிகள் சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் புக் எல்லாம் கொண்டு வந்து கொடுத்தாங்க. சித்தப்பா பதினோரு பேருடையதை ஸ்கேன் பண்ணி ஒரு ஃபோல்டரில் போட்டு வச்சாரு. மறுநாள் அனுப்பலாம்னு எடுத்தா மூணு பேரோட ஃபைல் திறக்கல. 'ஃபைல் பழுதடைந்துள்ளது' என்கிறது. நேத்து சாயங்காலம் நல்லா இருந்த ஃபைல்! ஒரு தாத்தா மினி பஸ் ஏறி இரண்டாவது தடவை காகிதத்தைத் தூக்கிட்டு வந்தாரு. நல்லவேளை, பக்கத்துக் கடை லேப்டாப்பை இரவல் வாங்கி அன்னிக்கு எல்லாருக்கும் அனுப்பி முடிச்சோம். ஒரு நாள் தப்பியிருந்தா அவர் நிலத்துக்குக் காப்பீடு இல்லை. மழை பொய்க்கிற கரிசல்காட்டில் அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை.

சரி, ஃபைல் எப்படிக் கெட்டுப் போச்சு? அதைப் புரிஞ்சுக்க ரேம் என்றால் என்னன்னு தெரியணும்.

கம்ப்யூட்டரில் இரண்டு வகை ஞாபகம் இருக்கு. ஒண்ணு ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. அது நம்ம ஊர் மலையில் இருக்கிற வட்டெழுத்து மாதிரி. சமணச் சிற்பங்களுக்குக் கீழே வெட்டியிருக்கிற அந்த எழுத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் அப்படியே நிக்குது. இன்னொண்ணு ரேம். அது சிலேட்டு. கணக்குப் போடும்போது மட்டும்தான் எழுத்து இருக்கும், கரண்ட் போனா அழிஞ்சிடும். நாம டைப் பண்றது, ஸ்கேன் பண்றது எல்லாமே முதலில் சிலேட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தான் கல்லில் வெட்டுது. சிலேட்டில் ஒரு எழுத்து தப்பா இருந்தா? கல்லிலும் அதே தப்புதான் வெட்டப்படும். அப்புறம் கல்லைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இந்தச் சிலேட்டு எவ்வளவு பெரிசு தெரியுமா? 8 ஜிபி ரேம் ஒண்ணில் சுமார் 6,871 கோடி சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் துளி மின்சாரம் இருந்தா 1, இல்லாட்டி 0. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் ஓர் அறை. இதைக் கண்டுபிடிச்சவர் ஐபிஎம் கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட். 1966-ல் அவருக்கு இந்த யோசனை வந்தது, 1968-ல் காப்புரிமை கிடைச்சது. 2024-ல்தான் காலமானார். இந்த அறைகளில் ஒரு சங்கடம்: எல்லாம் ஓட்டைக் குடம். ஊத்தின மின்சாரம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால சாதாரணமா 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை எல்லா அறையையும் படிச்சு மறுபடி நிரப்பணும். நீங்க ஒரு தடவை கண்ணைச் சிமிட்டி முடிக்கிறதுக்குள் ஒரு சுற்றாவது முடிஞ்சிருக்கும். இத்தனை கோடியில் ஒரே ஓர் அறை ஏமாத்தினாலும் வம்புதான்.

எப்படி வம்பு? நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு எண்ணை எடுத்துக்குவோம். பாஸ் மார்க் 35. கம்ப்யூட்டர் இதை 0100011 என்று எழுதும். இடமிருந்து வலமா 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. 32-ம் 2-ம் 1-ம் சேர்ந்தா 35. இப்போ முதல் இடத்தில் இருக்கிற 0 மட்டும் தப்பா 1 ஆயிடுச்சுன்னு வைங்க. 1100011. கூட்டிப் பாருங்க: 99! ஒரே ஓர் அறை மாறினா ஜஸ்ட் பாஸ் ஆனவன் ஸ்டேட் ரேங்க் வரைக்கும் போயிடுவான். சந்தோஷப்படாதீங்க, 99 எடுத்தவளுக்கு 35 வரவும் அதே ஓர் அறை போதும்.

இது சும்மா கற்பனை இல்லை. பெல்ஜியம் நாட்டில் 2003 மே மாதம் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற ஊரில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலா விழுந்தது. அவருக்கு வர வாய்ப்பே இல்லாத அளவு ஓட்டு என்பதால்தான் சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாங்க. 4,096 என்பது பன்னிரண்டு இரண்டுகளை ஒண்ணோடு ஒண்ணு பெருக்கினால் வரும் எண். அதாவது சரியா ஓர் அறை மாறினால் வரக்கூடிய வித்தியாசம். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டு மெமரியில் ஓர் அறை மாறியிருக்கலாம் என்று விளக்கம் சொன்னாங்க. மெஷினை மறுபடி சோதிச்சப்போ கோளாறு எதுவும் கிடைக்கல.

ஆனா நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டினா உடனே வானத்தைப் பார்க்காதீங்க. 2009-ல் கூகுள் கம்பெனி தன்னுடைய ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை இரண்டரை வருஷம் கவனிச்சு ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு வருஷத்தில் நூறு ரேமில் எட்டுக்கும் மேல் ஒரு தடவையாவது தப்புப் பண்ணுது. அந்தத் தப்பில் பெரும்பாலானது காஸ்மிக் கதிர் மாதிரி தற்செயலா வர்றது இல்லை, வன்பொருளில் நிலையா இருக்கிற கோளாறு என்பதுதான் அவங்க எண்ணம். கூகுள் மாதிரி இடங்களில் உள்ள சர்வர் ரேமில் தப்பைத் திருத்திக்கொள்ள கூடுதல் சிப் உண்டு. எட்டு வேலைக்காரனுக்கு ஒரு மேஸ்திரி மாதிரி. நம்ம சாதா ரேமில் மேஸ்திரி கிடையாது. தப்பு நடந்தா யாரும் சொல்ல மாட்டாங்க. நாமதான் தேடணும்.

இனி தேடின கதை.

சில பேருக்கு அசெம்பிள் பண்ணி சுவிட்ச் போட்டதும் ஃபேன் சுத்தும், திரையில் ஒண்ணும் வராது. இந்த நிலைமையில் பத்துக்குப் பல தடவை ரேம் முழுசா உள்ளே உட்காரலைன்னுதான் அர்த்தம். ஸ்லாட்டில் வச்சு இரண்டு முனையிலும் கட்டை விரலால் அழுத்தினா 'டக்'குன்னு சத்தம் வரணும். புதுசா அசெம்பிள் பண்றவங்க மதர்போர்டு உடைஞ்சிடுமோன்னு பயந்து பாதியில் விட்டுடுவாங்க. ரேமின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் கால் எண்ணிக்கை ஒண்ணுதான், 288. ஆனா வெட்டு இருக்கிற இடம் வேற. பொருந்தலைன்னா அமுக்காதீங்க, ஆள் மாறி வந்திருக்கு. அப்புறம் டிடிஆர்5 போட்ட புது மெஷினை முதல் தடவை ஆன் பண்ணும்போது திரை சில நிமிஷம் கறுப்பாவே இருக்கலாம். ரேமும் பிராசஸரும் பழகிக்கிற நேரம் அது. செத்துப் போச்சுன்னு நினைச்சு நடுவில் ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, ஆஃப் பண்ணி ஒரு நாளையே ஓட்டினவங்க உண்டு.

நாலு ஸ்லாட் இருந்து இரண்டு ரேம் மட்டும் இருந்தா, பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடணும். பெரும்பாலான மதர்போர்டில் இப்படித்தான், புத்தகத்தில் ஏ2, பி2 என்று போட்டிருக்கும். எங்க அண்ணன் அதைச் சரியாத்தான் போட்டிருந்தாரு. 16 ஜிபியும் காட்டுச்சு. பிறகு ஏன்?

"ரேம் டூப்ளிகேட்டு. கடைக்காரன் தலையில கட்டிட்டான்" என்றார் சித்தப்பா. அண்ணன், "பொறுங்க சித்தப்பா, டெஸ்ட் பண்ணிட்டுப் பேசுவோம்" என்றார். யார் கேட்டா? போன் போட்டு கடைக்காரரைப் பிடி பிடின்னு பிடிச்சிட்டாரு. அவருடைய கோபமும் நியாயம்தான். 2025-ம் வருஷக் கடைசியிலிருந்து ரேம் விலை மளமளன்னு ஏறிடுச்சு. செயற்கை நுண்ணறிவு கம்ப்யூட்டர் மையங்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கிட்டுப் போறதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், கடைகளில் விற்கிற தன்னுடைய குரூசியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்தப் போறதா அறிவிச்சது. இன்னொரு ரேம் வாங்கணும்னா சித்திக்கு இன்னொரு லோன்.

டெஸ்ட் பண்ண ஒரு நல்ல வழி இருக்கு. மெம்டெஸ்ட்86+ என்று ஒரு இலவச மென்பொருள். பென் டிரைவில் ஏத்தி, விண்டோஸைத் திறக்காம அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் பண்ணணும். ஒவ்வோர் அறையிலும் 0, 1 என்று மாத்தி மாத்தி எழுதி, எழுதினது அப்படியே இருக்கான்னு படிச்சுப் பார்க்கும். சும்மா பத்து நிமிஷம் ஓட்டிட்டு 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. குறைஞ்சது நாலு சுற்று, ராத்திரி முழுக்க விடணும். கரண்ட் கட் ஆனா முதலிலிருந்துதான், அதனால யூபிஎஸ்ஸில் சார்ஜ் இருக்கான்னு பார்த்துக்கோங்க. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். இதில் 35 வாங்கினா பாஸ் எல்லாம் கிடையாது. பென் டிரைவ் இல்லாதவங்க விண்டோஸிலேயே இருக்கிற 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்பதைத் தேடி ஓட்டலாம். ஆனா அது சில பிழைகளைக் கோட்டை விட்டுடும் என்று அண்ணன் சொன்னார்.

முதல் ராத்திரி இரண்டு ரேமும் சேர்த்து ஓட்டினோம். அரை மணி நேரத்தில் சிவப்பு வரி மேல் சிவப்பு வரி. சித்தப்பா "பார்த்தியா!" என்றார்.

அண்ணன் அடுத்து ரேமை மாத்தல, வேகத்தை மாத்தினாரு. இதைக் கவனிங்க. ரேம் பெட்டியில் 3600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆனா மாட்டின உடனே அது அந்த வேகத்தில் ஓடாது. 2666 மாதிரி ஒரு சாதா வேகத்தில்தான் ஓடும். பயாஸில் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் பண்ணினாத்தான் 3600. ரேம் கம்பெனிக்காரன் 3600-க்குப் பொறுப்பு ஏத்துக்குவான், நம்ம பிராசஸரும் மதர்போர்டும் அதைத் தாங்குமான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அதனால புது மெஷினில் மெமரி தகராறு வந்தா முதலில் எக்ஸ்எம்பியை அணைச்சுப் பார்க்கணும். காசு செலவில்லாத வைத்தியம். பல பேருக்கு இதோடு சரியாயிடும். எங்களுக்குப் பாதிதான் சரியாச்சு. விடிய விடிய ஓடி, காலையில் பார்த்தா மூணே மூணு பிழை. நான் சந்தோஷப்பட்டேன். அண்ணன் முகம் வாடிப் போச்சு. மூணுன்னா இன்னும் உள்ளே ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்.

பிறகு ஒவ்வொண்ணா. ரேம் இரண்டிலும் சின்னத் தாள் ஒட்டி 'அ', 'ஆ' என்று எழுதினேன். என் நோட்டில் குறிச்சு வச்சது அப்படியே:

அ மட்டும், இரண்டாம் ஸ்லாட் – பிழை இல்லை.
ஆ மட்டும், இரண்டாம் ஸ்லாட் – பிழை இல்லை.
அ மட்டும், நாலாம் ஸ்லாட் – பிழை.
ஆ மட்டும், நாலாம் ஸ்லாட் – பிழை.

நாலு ராத்திரி ஆச்சு இந்த நாலு வரிக்கு. ஆனா பாருங்க, அ-வும் நல்லது, ஆ-வும் நல்லது! பிழை ரேமோடு சேர்ந்து போகல, இடத்தோடு நின்னுக்கிச்சு. ஒரே நேரத்தில் இரண்டை மாத்தியிருந்தா இது தெரிஞ்சிருக்கவே தெரியாது. வேகத்தையும் ஸ்லாட்டையும் ரேமையும் ஒரே மூச்சில் மாத்திட்டு, "எதுவோ பண்ணேன், சரியாயிடுச்சு" என்று சொல்றவங்களுக்கு அடுத்த வாரம் திரும்ப வரும்.

இந்த நாலு நாளும் அண்ணன் ரேமைத் தொடும் முன்னால் பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுக்குவாரு. உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்கணுமாம். நம்ம பக்கம் காத்து காய்ஞ்ச காத்து. ஈரப்பதம் குறைஞ்சா நிலைமின்சாரம் சேர்றது அதிகம். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போறவங்க உங்க வீட்டிலோ தெருவிலோ இருந்தா கேட்டுப் பாருங்க, பருத்தித் துணிதான் போடணும், உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டைத் தொடணும் என்று சொல்வாங்க. அங்கே உயிர் போகும், இங்கே சிப் போகும். இரண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். நைலான் பாயில் உட்கார்ந்து அசெம்பிள் பண்ண வேண்டாம். அப்புறம், ரேமின் தங்க நிறப் பல்லை ரப்பரால் தேய்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கு. பழைய ரேமுக்கு லேசா தேய்ச்சா வேலை செய்யும், ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழாம பார்த்துக்கணும். புது ரேமுக்கு அது தேவையே இல்லை.

இடத்தில்தான் கோளாறுன்னா, ஸ்லாட் கெட்டிருக்கணும். இல்லாட்டி ஸ்லாட்டிலிருந்து பிராசஸருக்குப் போற வழி கெட்டிருக்கணும். முந்தியெல்லாம் ரேமை மேய்க்கிற பகுதி மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் பிராசஸருக்குள்ளேயே கொண்டு வந்துட்டாங்க. ஆகவே ரேம் தப்புப் பண்ணினா பிராசஸர் உட்கார்ந்திருக்கிற சாக்கெட்டையும் பார்க்கணும்.

அண்ணன் கூலரைக் கழட்டி, பேஸ்ட்டைத் துடைச்சு, பிராசஸரைத் தூக்கினார். எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட், பேருக்கு ஏத்த மாதிரி 1,700 குட்டிக் கம்பிகள். வெறும் கண்ணுக்கு எல்லாம் நெல் நாத்து மாதிரி ஒரே சீரா தெரிஞ்சது. போன் கேமராவில் பெரிசாக்கிப் பார்த்தா ஓரத்தில் ஒரு கம்பி மட்டும் சாய்ஞ்சு நிக்குது. தொட்டும் தொடாம. அதான் சில நேரம் வேலை செஞ்சு, சில நேரம் காலை வாரியிருக்கு.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "பிராசஸரை வைக்கும்போது ஒரு தடவை கை நழுவிச்சு. லேசாத்தான் பட்டுச்சுன்னு நினைச்சேன், சித்தப்பா" என்றார். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. நான்தான் அப்போ பக்கத்தில் நின்னு, சீக்கிரம் முடிங்கன்னு அவசரப்படுத்திக்கிட்டிருந்தேன்.

சித்தப்பா அவரைத் திட்டல. நாங்க மூணு பேரும் மதர்போர்டைத் தூக்கிக்கிட்டு கோவில்பட்டிக்கே போனோம். கடலைமிட்டாய் ஊருக்குக் கடலைமிட்டாய் வாங்கிட்டுப் போக முடியாதே, அதனால அரைக் கிலோ காராச்சேவு. கம்பி வளைஞ்சதுக்கு வாரண்டி கிடையாது, அது வெளிக் காயம் என்ற கணக்கில் போயிடும். அது தெரிஞ்சுதான் போனோம். கடைக்காரர் பழைய சங்கதி எதுவும் பேசல. பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு, லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சில் முனையைக் கம்பியில் நுழைச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிமித்தினாரு. கால் மணி நேர வேலை. ஒடிஞ்சா போர்டே போச்சு. யாரும் வீட்டில் இதைச் செஞ்சு பார்க்காதீங்க. இருநூறு ரூபா வாங்கிக்கிட்டார். "ரேம் எப்படி இருக்குண்ணே?" என்று சித்தப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேட்டார். சித்தப்பா காராச்சேவுப் பொட்டலத்தை மேஜையில் வச்சுட்டு, "ரேம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அன்னிக்கு ராத்திரி இரண்டு ரேமும், 3600 வேகம், நாலு சுற்று. பிழை 0. அதுக்கப்புறமும் அண்ணன் விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினார். கெட்ட சிலேட்டைப் பார்த்து எழுதின கல்வெட்டை நம்ப முடியாது இல்லையா? அந்த வாரம் ஸ்கேன் பண்ணின ஃபைல் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா திறந்து பார்த்தோம். திறக்காத மூணு போக, திறந்ததிலும் ஒரு அடங்கலில் பாதிப் பக்கம் சாம்பல் நிறமா இருந்தது. முதல் தடவை அதை யாருமே கவனிக்கல.

மெம்டெஸ்ட் ஏத்தின பென் டிரைவ் சித்தப்பா கடை டிராயரில் இருக்கு. உங்க வீட்டிலோ, தெரிஞ்சவங்க வீட்டிலோ அசெம்பிள் பண்ணின மெஷின் இப்படிப் படுத்தினா கேளுங்க, தருவார். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்திடணும். பில்லையும் ரேம் பெட்டியையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ரேம் மேல் இருக்கிற ஸ்டிக்கரைக் கிழிச்சா வாரண்டி போயிடும். நான் 'அ', 'ஆ' தாளை அந்த ஸ்டிக்கர் மேல் ஒட்டப் போனப்போ அண்ணன் கையில் ஒரு அடி போட்டார்.